டாக்டரிடம் சொல்லாததை சிஸ்டரிடம் சொல்கிறார்கள்

"மருத்துவமனையில் டாக்டரும் நோயாளியும் மனம்விட்டுப் பேச முடியாமல் தடுப்பது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். நேரமில்லை, டாக்டர் பேசுவது புரியவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் கண்ணில் அதிகம் படுவது, டாக்டர் திட்டிவிடுவாரோ என்ற பயம்.

ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். கண் கேஸ் ஷீட்டில் இருக்கும். "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்கல்ல?" என்பார். அந்தக் கேள்விக்கு "போடறேன் டாக்டர்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நோயாளி என்னைக் கையசைத்துக் கூப்பிடுவார். "சிஸ்டர், அந்த பிரஷர் மாத்திரை தலை சுத்துதுன்னு வீட்டுலயே நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது தெரியுமா? மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். வார்டில் நாங்கள் வேளை தவறாமல் கொடுப்போம். பிரஷர் சட்டென்று இறங்கி, பாத்ரூம் போக எழுந்தவர் மயங்கி விழலாம். மருந்திலோ வைத்தியத்திலோ எந்தத் தப்பும் இல்லாமலே இப்படி நடக்கும்.

அதே கேள்வியை வேறு மாதிரி கேட்கலாம். "நிறைய பேருக்கு இந்த மாத்திரை ஒத்துக்காது, நடுவுல விட்டுடுவாங்க. உங்களுக்கு எப்படி?" இப்படிக் கேட்கிற டாக்டர்களிடம் உண்மை தானாக வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். "புரிஞ்சுதா?" என்பதும் அப்படித்தான், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால்தான் எது போய்ச் சேரவில்லை என்பது தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்பது டாக்டர்களின் கவலை. 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளை இடைமறிக்காமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 விநாடிகளில் அவர்களே முடித்துக்கொண்டார்கள்! ஒன்றரை நிமிடம்தான். அதைக்கூடக் கொடுக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நிறுத்திய மாத்திரை, நீங்களாக வாங்கிப் போட்ட மாத்திரை, நாட்டு மருந்து, குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். பேச வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அப்புறம், எங்களிடம் சொல்லிவிட்டு "டாக்டருக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்காதீர்கள். உங்கள் வைத்தியத்தை மாற்றக்கூடிய விஷயம் என்றால் நாங்கள் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நீங்களே சொல்லத் தயங்கினால், டாக்டர் வரும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், பேச்சை நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம்.