ஓர் எழுத்தாகச் சுருங்கிய குடும்பப்பெயர்

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய அலுவலகத்தில் ஒருவரின் பெயர்ப்பலகையில் ‘சி தெ பாக்கா’ என்று போட்டிருக்கிறதாம். அந்த ‘சி’ நம் ஊரில் போடுவதைப் போல அப்பாவின் இனிஷியலா என்று மகன் கேட்டதற்கு, “இல்லை, அதுவும் குடும்பப்பெயர்தான், பசுவின் தலை என்று பொருள்” என்று சொல்லிச் சிரித்தாராம். இப்படியும் ஒரு குடும்பப்பெயர் உண்டா? எங்கிருந்து வந்தது?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ‘கபேசா தெ பாக்கா’ என்ற ஸ்பானியக் குடும்பப்பெயரின் சுருக்கம் அது. ‘கபேசா’ என்றால் தலை, ‘பாக்கா’ என்றால் பசு; நடுவில் நிற்கும் ‘தெ’ நம்முடைய ஆறாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. நியூ மெக்ஸிகோவில் முதல் சொல்லை அதன் முதல் எழுத்தாகக் குறுக்கி எழுதும் வழக்கம் ஏற்பட்டு, நாளடைவில் அந்தச் சுருக்கமே சில குடும்பங்களுக்குச் சட்டப்படியான பெயராகிவிட்டது. ஆகவே அந்தச் ‘சி’ இனிஷியல் அல்ல; சொல்லப்போனால் அந்தப் பெயரின் தலையே அதுதான். ஸ்பெயினில் ‘பாக்கா’வை ‘வி’ எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். ஸ்பானிய மொழியில் ‘வி’, ‘பி’ இரண்டுக்கும் ஒலி ஒன்றே என்பதால் பழைய எழுத்தர்கள் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். நியூ மெக்ஸிகோவில் ‘பி’ நிலைத்துவிட்டது.

பெயர் வந்த விதத்துக்கு ஒரு கதை உண்டு. 1212ஆம் ஆண்டு காஸ்தீலின் அரசர் எட்டாம் அல்போன்ஸோ, அரகோன், நவார்ரா அரசர்களையும் சேர்த்துக்கொண்டு, அன்று தென் ஸ்பெயினை ஆண்ட அல்மொஹாத் கலீஃபா முகம்மது அல்-நாசிரை எதிர்க்கப் படையுடன் தெற்கே வந்தார். சியெர்ரா மொரேனா மலைத்தொடரின் கணவாயைக் கலீஃபாவின் வீரர்கள் காவல் காத்து நின்றதால் கிறிஸ்தவப் படை மலைமேல் திகைத்து நின்றது. அப்போது மார்த்தின் அல்ஹாஹா என்ற ஆட்டிடையர் வந்து, யாருக்கும் தெரியாத வேறொரு பாதை இருப்பதாகச் சொல்லி, அதன் வாயிலில் அடையாளத்துக்காகப் பசுவின் மண்டையோடு ஒன்றை வைத்தார் என்றும், அந்த வழியே மலையைக் கடந்த படை ஜூலை 16 அன்று லாஸ் நாவாஸ் தெ தொலோசா போரில் வென்றது என்றும், மனம் குளிர்ந்த அரசர் இடையரைப் பிரபுவாக்கி ‘பசுத்தலை’ என்ற பெயரையே அவர் குடும்பத்துக்கு வழங்கினார் என்றும் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தின் கேடயச் சின்னத்தின் ஓரத்தைச் சுற்றிப் பசுத்தலைகள் வரையப்பட்டிருப்பதைக் கதைக்குச் சாட்சியாகக் காட்டுவதும் உண்டு.

போர் நடந்தது, படை மாற்றுப்பாதையில் மலையைக் கடந்தது, வழிகாட்டியவர் ஒரு சாமானியர் என்பவற்றில் ஐயமில்லை. போருக்குப் பின் அல்போன்ஸோ போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்டுக்கு எழுதிய கடிதத்திலேயே, கடவுள் எதிர்பாராமல் அனுப்பிவைத்த ஒரு நாட்டுப்புறத்தான் வழி காட்டியதாகக் குறிப்பிடுகிறார். களத்தில் உடனிருந்த தொலேதோ பேராயர் ரோத்ரிகோ ஹிமேனெஸ் தெ ராதாவின் வரலாற்று நூலும் அதையே சொல்கிறது. ஆனால் இருவருமே அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. மண்டையோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு சுவையான ஒரு செய்தியை நேரில் இருந்தவர்கள் விட்டுவிட்டு, பின்னால் வந்தவர்கள் மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்பெயின் ஊர்ப்பெயர்களில் ‘கபேசா’ என்பது உருண்டையான குன்றின் உச்சியைக் குறிக்கும். பதாஹோஸ் மாகாணத்தில் ‘கபேசா லா பாக்கா’ என்று ஓர் ஊர் இருக்கிறது. அதே மாகாணத்தில், ‘எருதின் தலை’ என்று பொருள்படும் ‘கபேசா தெல் புவேய்’ என்ற ஊரும் இருக்கிறது. ஊரின் பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்வது ஸ்பானியர்களிடம் மிகவும் வழக்கமானது. மாடு மேய்ந்த ஏதோ ஒரு குன்று முதலில் ஊருக்கும் பிறகு ஒரு குடும்பத்துக்கும் பெயர் தந்திருக்க வேண்டும், அதற்குப் பெருமை சேர்க்கும் கதை பின்னால் பிறந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பிரபுக் குடும்பங்களின் பெயர்க்கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். கேடயத்திலுள்ள சின்னமும் பெயரைப் பார்த்து வரையப்பட்டதே தவிர, பெயருக்கு ஆதாரம் ஆகாது.

கேள்வி: அதே பெயரில் ஒரு கடற்பயணியைப் பற்றிப் படித்த நினைவு. மகனின் அலுவலக நண்பர் அவர் வழி வந்தவரா?
– அதே வாசகி

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் ஆல்வார் நூன்யெஸ் கபேசா தெ பாக்கா. பான்ஃபிலோ தெ நார்வாயெஸ் தலைமையில் 1527இல் ஸ்பெயினிலிருந்து ஏறத்தாழ 600 பேருடன் புறப்பட்ட பயணத்தில் பொருளாளராகச் சென்றார். 1528இல் ஃபுளோரிடாவில் இறங்கி உள்நாட்டுக்குள் நடந்த சுமார் 300 பேரில், புயலும் பசியும் நோயும் போக மிஞ்சியவர்கள் நால்வரே. அந்த நால்வரில் ஒருவர் எஸ்தெபானிக்கோ என்ற மொராக்கோ அடிமை. டெக்சாஸ் கரையிலிருந்து மேற்கு நோக்கிப் பழங்குடிகளிடையே அடிமையாகவும் வணிகராகவும் வைத்தியராகவும் வாழ்ந்தபடியே நடந்து, 1536இல் மெக்ஸிகோவின் மேற்குப் பகுதியில் மீண்டும் ஸ்பானியர்களைக் கண்டார்கள். அந்த அனுபவத்தை அவர் 1542இல் நூலாக வெளியிட்டார்.

இதில் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி, அந்தப் பெயர் அவருக்குத் தாய்வழியில் வந்தது என்பதுதான். தந்தை பிரான்சிஸ்கோ தெ வேரா. தாய் தெரேசா கபேசா தெ பாக்கா. அக்காலத்தில் உடன்பிறந்தவர்கள்கூட வெவ்வேறு முன்னோரின் பெயர்களைத் தேர்ந்துகொள்வது உண்டு. அவர் தாய்வீட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். நியூ மெக்ஸிகோக் குடும்பங்கள் அவருடைய நேர்வாரிசுகள் என்பது அங்கே பரவலான நம்பிக்கை என்றாலும், அது நிறுவப்பட்டதல்ல. அவர்களின் மூதாதை, மெக்ஸிகோ நகரில் பிறந்து 1600இல் மனைவி மக்களுடன் நியூ மெக்ஸிகோவில் குடியேறிய கிறிஸ்தோபால் பாக்கா. வெறும் ‘பாக்கா’தான், ‘தலை’ இல்லை.

நீண்ட பெயர் அங்கே வேரூன்றியது லூயிஸ் மரியா கபேசா தெ பாக்கா என்ற நிலக்கிழாரின் வழியில். 1821இல் அவர் தமக்கும் தம் 17 மகன்களுக்குமாக லாஸ் பேகாஸ் கிராண்டெஸ் என்ற பெரும் மேய்ச்சல் நிலத்தைக் கேட்டுப் பெற்றார். பதினேழு மகன்கள் என்பதைப் படித்தபோதே பெயர் பரவியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று தோன்றியது. பழங்குடிகளின் தாக்குதலால் அந்த நிலத்தில் குடும்பத்தால் நிலைக்க முடியவில்லை. பின்னர் அதே நிலம் வேறு குடியேறிகளுக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. வழக்கைத் தீர்க்க அமெரிக்கக் காங்கிரஸ் 1860இல், வாரிசுகள் வேறு இடங்களில் ஐந்து துண்டுகளாக, மொத்தம் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. அந்தத் துண்டுகளில் முதலாவதுதான் இன்று தேசியப் பாதுகாப்புப் பகுதியாக இருக்கும் வாயெஸ் கால்டேரா என்ற எரிமலைப் பள்ளத்தாக்கு.

கேள்வி: இந்தப் பெயர் இப்போது எவ்வளவு பரவலாக இருக்கிறது?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: ‘பாக்கா’ நியூ மெக்ஸிகோவில் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர், ‘கபேசா தெ பாக்கா’வும் ‘சி தெ பாக்கா’வும் அரியவை. ஸ்பானிய உலகில் ஒருவர் தந்தையின் பெயரை முதலிலும் தாயின் பெயரை அடுத்தும் வைத்துக்கொள்வார். தாயின் பெயர் மறு தலைமுறையில் உதிர்ந்துவிடும் என்பதால், ஆண் வாரிசு குறைந்த வீட்டின் பெயர் சீக்கிரம் மறைகிறது. மெக்ஸிகோவின் தமாவுலிப்பாஸ் மாநிலத்தில் 2016 முதல் 2022 வரை ஆளுநராக இருந்த பிரான்சிஸ்கோ கார்சியா கபேசா தெ பாக்காவுக்கும் அது தாய்வழிப் பெயரே. ‘கார்சியா’ ஊரெல்லாம் இருப்பதால் அவரைத் தாய்வழிப் பெயராலேயே அழைத்தார்கள்.

நியூ மெக்ஸிகோவின் இரண்டாவது ஆளுநர் எசெக்கியேல் கபேசா தெ பாக்கா 1917 ஜனவரி 1 அன்று நோயாளியாகவே பதவியேற்று, அடுத்த மாதம் 18ஆம் தேதி காலமானார். அதே ஆண்டில் அவர் நினைவாக உருவாக்கப்பட்ட மாவட்டத்துக்கு ‘தெ பாக்கா’ என்று பெயரிட்டார்கள். தலையைப் போகிற போக்கில் வெட்டிவிட்டார்கள்! இன்று அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. கணினிப் படிவங்கள் இடைவெளியை ஏற்காததால் இப்பெயரை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுபவர்களும் உண்டு. எனவே இந்தக் குடும்பங்களின் பழைய பதிவுகளைத் தேடுபவர்கள் ‘கபேசா’, ‘சி’, ‘தெ’, ‘பாக்கா’ என்று நான்கு இடங்களிலும், ‘வி’ எழுத்தில் ஐந்தாவதாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது.