கேளுங்கள், சொல்கிறோம்: செயலி, சம்பளம், கையெழுத்து

கூகுள் கணக்கில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் நான் போய்வந்த ஊர், ஏறி இறங்கிய கடை எல்லாம் விளம்பரமாக வருகிறது. எப்படி?
— வாசகி, ஈரோடு

கூகுள் கணக்கில் இடத்தைப் பதியும் சுவிட்ச் இரண்டு. நீங்கள் அணைத்தது ஒன்றைத்தான். லொகேஷன் ஹிஸ்டரிக்கு இப்போது டைம்லைன் என்று பெயர். இன்னொன்று 'இணையம் & ஆப்ஸ் செயல்பாடு'. பெயரைப் பார்த்தால் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது. ஆனால் கூகுளில் எதையாவது தேடும்போதும் மேப்ஸைத் திறக்கும்போதும் நீங்கள் இருந்த இடம் அதில் பதிவாகும். 2018ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து கூகுள் சமரசம் செய்துகொண்டது. 2025 மே மாதம், இருப்பிடப் பதிவு உட்பட பல தனியுரிமைப் புகார்களுக்காக டெக்சஸ் மாநிலத்துக்கு மட்டும் 137.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மக்கள் அணைத்துவிட்டதாக நம்பிய ஒன்று ஓடிக்கொண்டே இருந்ததற்கான விலையும் இதில் உண்டு.

கூகுள் கணக்கு, 'தரவு & தனியுரிமை' என்று போய் இரண்டு சுவிட்சையும் நிறுத்துங்கள். நிறுத்தினால் இனிமேல் பதியாது, அவ்வளவுதான். பழைய பதிவுகளைத் தனியாக அழிக்க வேண்டும். முழுக்க நிறுத்த மனமில்லை என்றால் தானாக அழியும் காலத்தை 18 மாதத்திலிருந்து 3 மாதத்துக்குக் குறையுங்கள். அடுத்து போன் செட்டிங்ஸில், வானிலை, ஷாப்பிங், கேம் போன்ற செயலிகளுக்குத் 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துவிடுங்கள். மழை வருமா என்று சொல்ல உங்கள் தெருவரைக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு வந்த போன்களில் 'விளம்பர அடையாள எண்'ணையே அழித்துவிடலாம். பல செயலிகள் சேகரிப்பதை ஒரே ஆளின் கணக்கில் சேர்க்க உதவுவது அந்த எண்தான்.

இத்தனையும் செய்த பிறகும், உங்கள் இணைய இணைப்புக்கான எண்ணாகிய ஐபி முகவரியை வைத்து எந்த ஊர் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். கடையில் பில் போடும்போது சொன்ன செல்போன் எண்ணும் விளம்பர நிறுவனங்களுக்குப் போக வழி உண்டு. அதற்கு போனில் சுவிட்ச் கிடையாது. எண்ணைச் சொல்லாமல் இருப்பதுதான் வழி.

வருகைப் பதிவுக்காக என் சொந்த போனில் ஒரு செயலியைப் போடச் சொல்கிறார்கள். நிறுவிய பிறகு ஏழெட்டு அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?
— வாசகர், ஓசூர்

நிறுவனம் உங்கள் போனுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வழி உண்டு.

முதலாவது 'ஒர்க் புரொஃபைல்'. அலுவலகச் செயலிகளின் படத்தில் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும். செயலிப் பட்டியலில் அவற்றுக்குத் தனிப் பக்கம் இருக்கும். வேலை நேரம் முடிந்ததும் மொத்தமாக அணைத்து வைக்கலாம். உங்கள் புகைப்படம், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல் எதுவும் நிறுவனத்துக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்தப் பகுதி மட்டும் அழியும். சொந்த போனில் அலுவலக வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, 'சாதன நிர்வாகி' உரிமை கேட்கும் செயலி. செட்டிங்ஸில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய் 'சாதன நிர்வாகிச் செயலிகள்' பட்டியலைப் பாருங்கள். அலுவலகச் செயலி அங்கே இருந்தால் அதைத் தொட்டு, என்னென்ன உரிமை வாங்கியிருக்கிறது என்று படியுங்கள். 'எல்லாத் தரவையும் அழி' என்ற வரி இருந்தால், நீங்கள் ராஜினாமா செய்த அன்று குழந்தையின் படங்கள் உட்பட போன் முழுவதும் காலியாக வாய்ப்பு இருக்கிறது. ஐபோனில் இதை ஜெனரல் பகுதியில் 'விபிஎன் & சாதன மேலாண்மை' என்ற இடத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெறும் செயலியாக வந்து அனுமதிகளை அள்ளுவது. வருகைப் பதிவுக்கு இருப்பிடமும், முகத்தைச் சரிபார்ப்பதாக இருந்தால் கேமராவும் போதும். இருப்பிடத்தை 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். 'எப்போதும்' என்று வைத்தால்தான் வேலை செய்யும் என்று செயலி அடம்பிடித்தால், நீங்கள் வளாகத்துக்குள் வருவதையும் போவதையும் பின்னணியிலிருந்தே கவனிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போனீர்கள் என்பதும் அதே பதிவில் சேரக்கூடும். தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, எஸ்எம்எஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். 'அக்சஸிபிலிட்டி' அனுமதியை எக்காரணம் கொண்டும் தராதீர்கள். திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தொடவும் அது இடம் கொடுக்கிறது. அதே போனில் வங்கிச் செயலியும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்ற பயம் நியாயமானதுதான். அதனால் மறுப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். எந்தத் தரவு சேகரிக்கப்படுகிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள், வேலையை விட்டால் என்ன அழிக்கப்படும், இதற்கு அலுவலக போன் அல்லது வாசலில் கைரேகைக் கருவி கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் பின்னால் உங்களுக்குப் பயன்படும்.

அலுவலக வைஃபையில் இன்காக்னிட்டோவில் பார்த்தால் தெரியாதுதானே?
— வாசகர், தாம்பரம்

தெரியும். இன்காக்னிட்டோ உங்கள் கருவியில் வரலாற்றைச் சேர்த்து வைக்காது. வலையமைப்புக்கு அதனால் எந்த மறைப்பும் இல்லை. சொந்த போனாக இருந்தால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும், உள்ளே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. அலுவலக லேப்டாப்பில் உள்ளே இருப்பதும் தெரியலாம். முகவரிக்கு இடப்பக்கத்துக் குறியைத் தொட்டு, தளம் அசல்தான் என்று உறுதிசொல்லும் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ, அது வாங்கியிருக்கும் பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், போக்குவரத்தை நடுவில் பிரித்துப் படித்துவிட்டு அனுப்புகிறார்கள். வைஃபைக்காக ஒரு சான்றிதழை உங்கள் போனில் நிறுவச் சொன்னால் இதே நிலைமை போனுக்கும் வரலாம். மொபைல் டேட்டாவே போதும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. ஸ்கேனர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் 'ஐடில்' என்று கணக்கில் ஏறுகிறது. கழிப்பறைக்குப் போனால்கூட. இப்படி அளக்க அனுமதி உண்டா?
— வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

இப்படி அளப்பது எப்படி நடக்கிறது என்பது பிரான்ஸில் பொதுப் பதிவுக்கே வந்துவிட்டது. அந்நாட்டின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல், அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்குக்குப் போனது. ஆணையம் சுட்டிக்காட்டிய அளவைகள் இவை: ஒரு பொருளை ஸ்கேன் செய்த 1.25 நொடிக்குள் அடுத்ததைச் செய்தால் பிழை. ஸ்கேனர் 10 நிமிடமோ அதற்கு மேலோ சும்மா இருந்தால் ஒரு பதிவு. பத்து நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளிகளுக்கு இன்னொரு பதிவு. வேகமாகச் செய்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். இந்தப் பதிவுகளை 31 நாள் வைத்திருந்தார்கள். எடுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் தொழிலாளி காரணம் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவது கொடுமை என்பதே எங்கள் கருத்து.

இந்தியாவில் ஸ்கேனர் அளவைகளைக் குறிப்பாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஓய்வு இடைவேளை சட்டப்படியான உரிமை, அதை 'ஐடில்' கணக்கில் சேர்த்தால் எதிர்த்துக் கேட்கலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி உட்கார இருக்கையும் தர வேண்டும்.

கையோடு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஐடில்' என்று ஏறும் நேரத்தில் கணிசமான பங்கு தொழிலாளியால் வருவதில்லை. ராக்குகளின் கடைசி வரிசையில் வைஃபை எட்டாது, பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், டிராலிக்கும் பேலட்டுக்கும் காத்திருக்க வேண்டும், முந்தைய ஷிப்ட்காரர் லாக்அவுட் செய்யாமல் போயிருப்பார். தேதி, நேரம், எந்த வரிசை, என்ன காரணம் என்று நான்கு விவரம் போதும். இரண்டு வாரம் பலபேர் சேர்ந்து எழுதினால், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் 'ஐடில்' ஏறுவது தெரிந்துவிடும். தொழிலாளர் அலுவலரிடம் தனியாளின் புகாரைவிட அந்தத் தாள் எடுபடும்.

டெலிவரி ஐடியை முடக்கிவிட்டார்கள். காரணம் கேட்டால் 'விதிமீறல்' என்று ஒரே வரி. யாரிடம் முறையிடுவது?
— வாசகர், கோவை

முதலில் முடக்கத் திரையையும் கடைசி வாரங்களின் வருமானப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சில நாளில் உள்ளே நுழையவே முடியாமல் போகலாம். பிறகு, உண்மையான காரணம் எதுவாக இருக்கும் என்று நீங்களே தேடிப் பாருங்கள். செல்ஃபி சரிபார்ப்பில் முகம் ஒத்துப்போகாதது, வண்டி இன்சூரன்ஸ் காலாவதியானது, ஒரே செயலியை இரண்டாக ஓட்ட போனில் வைத்திருக்கும் இரட்டைச் செயலியை ஜிபிஎஸ் மோசடி என்று அமைப்பு எடுத்துக்கொண்டது, ஒரே வாடிக்கையாளரின் புகார் இரண்டு முறை ஏறியது என்று பல இருக்கலாம். இவற்றில் எது என்று குறிப்பிட்டுக் கேட்டு, தேதி போட்டு, மின்னஞ்சலில் எழுதுங்கள். புகார் எண் இல்லாத தொலைபேசிப் பேச்சுக்கு மதிப்பில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு இன்னும் பின்தங்கியே இருக்கிறது. கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் 2023லேயே அமைந்தது, அதில் பதிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் ஈஷ்ரம் தளத்திலும் பதியுங்கள். ஆனால் முடக்கத்தைத் தட்டிக்கேட்கும் உரிமை இதில் வருவதில்லை. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் நீக்கக்கூடாது என்கிறது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்களிடம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வாங்கச் சொல்கிறது. ஐடி முடக்கம் பற்றி வாய் திறக்கவில்லை. தர வேண்டிய பணம் நிலுவை இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். இலவச உதவி எண் 15100.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, என் தரவு கசிந்தால் நஷ்டஈடு கிடைக்குமா?
— வாசகி, திருச்சி

இந்தச் சட்டத்தில் கிடைக்காது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. அது போகும் இடம் அரசின் கஜானாவான தொகுப்பு நிதி. பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் திருத்தமோ அப்போதே அமலுக்கு வந்துவிட்டது. எது அவசரம் என்று அரசு நினைத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளவும் 7ஆம் பிரிவு இடம் தருகிறது.

மனிதவளப் பிரிவினர் அறைக்குள் கூப்பிட்டு, 'இன்றே ராஜினாமா எழுதினால் இரண்டு மாதச் சம்பளம், இல்லாவிட்டால் டெர்மினேஷன்' என்கிறார்கள். எட்டு வருட சர்வீஸ். என்ன செய்ய?
— வாசகி, சோழிங்கநல்லூர்

அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். 'படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள். அன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் இருந்தார்கள், ராஜினாமா கேட்டார்கள், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம் ஆகிய உங்கள் ஆவணங்களை இறக்கி வையுங்கள். கோபத்தில் புராஜெக்ட் கோப்புகளை வெளியே அனுப்பிவிடாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

அவர்கள் ராஜினாமாவை இப்படித் துரத்துவது ஏன் என்றால், அதை எழுதிய நொடியில் ஆட்குறைப்புச் சட்டம் உங்களை விட்டு விலகிவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு என்றால் காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், அதற்கு மேல், புதிய வேலைத்திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம். மாதம் 60,000 ரூபாய் வாங்குகிறவருக்கு எட்டு ஆண்டுக்கு 2,40,000, நோட்டீஸுக்கு 60,000, மறுதிறன் நிதி 30,000. மொத்தம் 3,30,000 ரூபாய். அவர்கள் காட்டும் இரண்டு மாதச் சம்பளம் 1,20,000. பணிக்கொடை (கிராஜுவிட்டி) இவை இரண்டிலும் சேராது. ஐந்தாண்டு முடித்தவருக்கு அது ராஜினாமா என்றாலும் ஆட்குறைப்பு என்றாலும் உண்டு.

'நீங்கள் மேனேஜர், தொழிலாளி இல்லை' என்பார்கள். பதவிப் பெயரை வைத்து அது முடிவாவதில்லை. விடுப்பு அனுமதிப்பது, ஆள் எடுப்பது போன்ற அதிகாரம் உங்களுக்கு உண்மையில் இருந்ததா என்று பார்ப்பார்கள். நாள் முழுக்க புரோகிராம் எழுதியவர் என்றால் அதற்கான சான்றைச் சேர்த்து வையுங்கள். பேசி முடியவில்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் முடியாவிட்டால் அவரது அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயம். இந்த வாய்ப்பு ஒன்றும் கற்பனை இல்லை என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும். அதனால்தான் எழுத்தில் உறுதியாக நிற்கிறவரிடம் இரண்டு மாதம் நான்காகவும் ஐந்தாகவும் உயர்வதுண்டு.

சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதும் தவறில்லை. ஒப்புக்கொண்டால் தொகை, பணம் வரும் தேதி, பணிவிடுப்புக் கடிதத்தின் வாசகம், மருத்துவக் காப்பீடு எந்த நாள் வரை என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால், பணம் வந்து சேர்ந்த பிறகே அது செல்லும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். கடைசிச் சம்பளத்துக்கு 45 நாள் ஆகும் என்பது நிறுவனங்களின் பழக்கம். ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இரண்டு வேலை நாள். பிஎஃப் கணக்கில் விலகிய தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனதும் ஆதார் ஓடிபி மூலம் நீங்களே பதிந்துவிடலாம்.