ஆற்றோர நிலத்தை வனவிலங்குகளுக்காகப் பாதுகாப்பு உடன்படிக்கையில் சேர்த்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமா?

போகாது. கையெழுத்துப் போட்டு ஆறு வருடமாகிறது. நிலம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். கட்டடம் எழுப்புவது, கூறு போடுவது, கரை மரத்தை வெட்டுவது, மணல் அள்ளுவது போன்ற சில உரிமைகளை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். நாளை வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் 1981-இல் மாதிரிச் சட்டம் எழுதினார்கள், இங்கிலாந்தில் 2021 சுற்றுச்சூழல் சட்டம் வழிசெய்தது.

உங்கள் வீட்டிலும் யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். "நிலத்துக்கு நீயே வில்லங்கம் தேடிக்கிட்டியேடா" என்றார் என் அண்ணன். சட்டப்படி அது வில்லங்கம்தான், விலையும் குறையும், மறுக்கவில்லை. (இதே அண்ணன் அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் இரண்டே தடவை வந்தவர். பாகம் பிரிக்கிற அன்று மட்டும் விடியும் முன்னே அளவு நாடாவோடு நின்றார். அது வேறு கதை.)

பயப்பட வேண்டியது ஷரத்துகளைப் படிக்காமல் விடுவதற்குத்தான். நான் படிக்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே பெரிய மரம் ஒன்று வேரோடு ஆற்றில் சாய்ந்தது. செத்த மரம்தானே என்று ஆள் வைத்து அறுத்து அப்புறப்படுத்தினேன். சுத்தம் செய்துவிட்ட பெருமை வேறு. வருடாந்தரப் பார்வைக்கு, நான் உடன்படிக்கை செய்துகொண்ட அறக்கட்டளையிலிருந்து வந்த பெண், ஒப்பந்தத்துக்கு முன் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தார். "இந்த மரம் எங்க சார்?"

விழுந்த மரமும் ஷரத்தில் இருந்தது. அதன் அடியில்தான் மீன்குஞ்சுகள் ஒதுங்குமாம், மேலே ஏறி ஆமை வெயில் காயுமாம். சமாளிப்பதாக நினைத்து, "அந்தச் செங்குத்துக் கரையையாவது சரித்துப் புல் போடட்டுமா?" என்று கேட்டேன். மீன்கொத்தி வளை தோண்டி முட்டையிடுவது அந்த மண்சுவரில்தான் என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அபராதம் போடவில்லை, என் செலவில் கன்று நட்டுப் பராமரிக்க எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வரிச்சலுகைக்காகச் செய்தவன் என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், சலுகையும் கிடைத்தது. மரத்தை வெட்டி விற்றவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

நிலத்தின் மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள். அவர் கடன் முந்தியது; நிலம் ஏலத்துக்குப் போனால் உடன்படிக்கையும் சேர்ந்து அழிந்துவிடலாம்.