வாசகர் கேள்வி - பதில்: அறிவியல் வகுப்பில் படைப்பும் பரிணாமமும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று பாடத்தில் படித்ததாகச் சொன்னான். நாள்தோறும் சிவபுராணம் ஓதிய பிறகே பலகாரத்துக்கு அமரும் அவனுடைய ஐயா, அதாவது என் மாமனார், மனம் நொந்துபோனார். வெளிநாடுகளில் சிலர் கேட்பதுபோல், இறைவன் படைத்தான் என்பதையும் பரிணாமத்தையும் பள்ளியில் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால் என்ன?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். இன்று மரத்தில் தாவும் குரங்கு மனிதனாக மாறியது என்று எந்த உயிரியல் நூலும் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பொதுவான மூதாதையர் இருந்தனர் என்பதே அது சொல்வது. ஒரே கோயிலைச் சேர்ந்த இரண்டு பங்காளி வீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்த வீட்டார் அந்த வீட்டாருக்குப் பிறந்தவர்கள் அல்லர். இரு வீட்டாரும் என்றோ வாழ்ந்த ஒரு பாட்டையாவின் வழிவந்தவர்கள். இந்த உறவுமுறையை விளங்கிக்கொள்ளச் செட்டிநாட்டுப் பெரியவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாமே என்ற யோசனை, கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. அமெரிக்காவில் அது நெடுங்காலம் வழக்காடப்பட்டது. டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 1925-இல் 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அபராதம் தள்ளுபடியானாலும், அந்தத் தடைச் சட்டம் 1967 வரை நீடித்தது. இத்தகைய தடைகள் செல்லாது என்று 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் உங்கள் யோசனையை ஒத்த கோரிக்கை வலுப்பெற்றது. பரிணாமத்தைக் கற்பித்தால் ‘படைப்பு அறிவியலை’யும் கற்பித்தே ஆக வேண்டும் என்று லூசியானா மாநிலம் சட்டம் இயற்றியது, ஒரு மதக் கொள்கையை முன்னிறுத்துவதே அதன் நோக்கம் என்று கண்டு, 1987-இல் உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கியது. பிறகு அதே கருத்து ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற புதுப் பெயரில் வந்தபோது, அது அறிவியல் அன்று என்று பென்சில்வேனியாவில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 2005-இல் தீர்ப்பெழுதினார்.

நீதிமன்றங்களை விட்டுவிட்டு யோசித்தாலும் நான் இதே முடிவுக்குத்தான் வருகிறேன். சான்று தவறென்று காட்டினால் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அறிவியல் வகுப்பின் விதி. அந்த வகுப்பில் உங்கள் மாமனாரின் நம்பிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், அதையும் அதே விதிப்படி சோதித்து மதிப்பெண் போட வேண்டியிருக்கும். அவர் அதை விரும்புவாரா? மேலும், படைப்பு என்றால் யாருடைய படைப்பு? ஒரே வகுப்பில் சைவப் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அமர்ந்திருக்கும்போது, எந்த வீட்டின் விளக்கத்தைப் பாடமாக வைப்பது? முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமய போதனை கூடாது என்று நம் அரசமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்வது, எந்தச் சமயத்தையும் தாழ்த்துவதற்காக அன்று என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகரே பரிணாமத்தைப் பாடிவிட்டார். தசாவதாரமும் மீனில்தான் தொடங்குகிறது. இவற்றையே அறிவியல் பாடமாக வைக்கலாமே?
- வாசகர், குன்றக்குடி

பதில்: நானும் அந்த வரிகளைச் சொல்லி வளர்ந்தவன், ஆகவே மெதுவாகவே மறுக்கிறேன். பாடலை இன்னும் சில அடிகள் தொடர்ந்து பாருங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. மனிதருக்குப் பிறகு பேயும் கணங்களும் அசுரரும் முனிவரும் தேவரும் வருகிறார்கள். ஓர் உயிர் பிறவிதோறும் உடல் மாறி உழன்று, ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்று இறைவன்முன் களைத்து நிற்பதே அங்கே பொருள். பரிணாமம் பேசுவது வேறு: தனி உயிர் எதுவும் இன்னொன்றாக மாறுவதில்லை, ஓர் இனத்தின் பண்புகள் தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாக மாறுகின்றன. டார்வினுக்குச் சான்றாக நிறுத்தினால், அந்த ‘இளைத்தேன்’ என்ற சொல்லின் கண்ணீர் வற்றிப்போகிறது. திருவாசகம் தமிழ் வகுப்பிலும் திருக்கோயிலிலும் முழுமையாக ஒலிக்கட்டும். தசாவதாரத்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பரிணாமம் வெறும் ‘கோட்பாடு’தானே? நேரில் கண்டவர் யார்?
- வாசகர், காரைக்குடி

பதில்: அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அன்று, பல சான்றுகளை ஒருசேர விளக்கி, சோதனைக்கு நின்று பிடித்த விளக்கம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வரும் புலிக்குளம் காளையைப் பாருங்கள். கிடை மாடு வளர்ப்போர், வேகமும் திமிலும் சீற்றமும் உள்ள காளைகளையே தலைமுறைதோறும் பொலிக்கு விட்டு உருவாக்கிய இனம் அது. 1859-இல் வெளிவந்த தம் நூலின் முதல் அதிகாரத்தை டார்வின் இத்தகைய வளர்ப்பு விலங்குகளைக் கொண்டுதான் தொடங்கினார். மனிதன் சில நூற்றாண்டுகளில் தேர்ந்தெடுத்துச் செய்வதை, இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது.

அரியலூர்ப் பகுதியின் பாறைகளில், ஒருகாலத்தில் கடல் அங்கே இருந்ததற்குச் சான்றாக, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் ஓடுகள் கிடைக்கின்றன. அருகே சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழைமையான கல்மரம் கிடக்கிறது. அந்தக் காலப் பாறைகளில் ஒரு மாட்டின் எலும்போ மனித எலும்போ கிடைத்ததே இல்லை. மீனுக்கும் நாற்கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரி எந்தக் காலப் பாறையில் இருக்கக்கூடும் என்று முன்னரே கணித்துத் தேடியவர்களுக்கு, 2004-இல் கனடாவின் வடகோடியில் டிக்டாலிக் என்ற புதைபடிவம் கிடைத்தது.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியை. சில பெற்றோர் முகம் சுளிப்பதால், இந்தப் பாடத்தை ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம், அம்மா. எங்கள் பள்ளியிலும் ஆசிரியர் இதே சொற்களைச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். கல்லூரியில் அந்தப் பாடத்தை முதன்முதலாகக் கேட்டபோது, எனக்கு உரிய ஒன்றை யாரோ ஒளித்துவைத்திருந்ததுபோல் வருந்தினேன். நம் ஊரில் இதற்காக வழக்குத் தொடுப்பவர் அரிது. பாடம் ஓசையில்லாமல் விடுபட்டுப்போகிறது என்பதே என் கவலை. மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து, சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பரிணாமப் பகுதியை எடுத்தபோது, 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்றால், உயிரியலை எடுக்காத பிள்ளை அதை எங்கே படிக்கும்? நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. அதை நீங்கள் கைவிடக் கூடாது.

இறைவன் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டால், இந்தப் பாடம் அதை விசாரிக்கவில்லை, வீட்டுப் பெரியவர்களிடம் கேள் என்று உண்மையையே சொல்லுங்கள். பிறகு, வேகவைத்துச் சுத்தம் செய்த ஒரு கோழி இறக்கையையும் ஆட்டின் முன்னங்கால் எலும்புகளையும் மேசைமேல் வையுங்கள். மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, அதன்பின் மணிக்கட்டு எலும்புகள். பிள்ளைகள் தங்கள் கையைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும்.