நடுவில் ஒரு மரக்கட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசைக்கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். நான்கு பேர் கொண்ட குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, அப்புறம் நான். வார இறுதிகளில் விருந்துகளிலும் சின்ன அரங்குகளிலும் வாசிப்போம். என்னிடம் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை எடுக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள்) வைத்த, உள்ளே கூடு இல்லாத சாலிட் பாடி. ப்ளூஸும் கொஞ்சம் ஜாஸும் வாசிக்கும்போது ஒலி மெலிந்து கேட்கிறது. உள்ளே பாதி கூடான செமி ஹாலோ கிட்டார் வாங்க ரொம்ப நாள் ஆசை, கையில்தான் காசு குறைவு. எபிஃபோன் கசினோ மேல் ஒரு கண் இருக்கிறது. மேடையில் ஊளையிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இன்னொரு நண்பர், விலை குறைந்ததெல்லாம் வெறும் பிளைவுட், காசு சேர்த்துப் பிறகு நல்லதாக வாங்கு என்கிறார். மலிவாக ஒன்றை வாங்கிப் பிக்கப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாதா? எதை வாங்கலாம்?

பெயர் வேண்டாமே,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பிளைவுட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வகைக் கிட்டார்களுக்கெல்லாம் மூலம் 1958-இல் கிப்ஸன் கொண்டுவந்த இஎஸ்-335. விலையைக் கேட்டால் தலை சுற்றும் அந்தக் கிட்டாரின் மேல்பலகையும் அடிப்பலகையும் மர அடுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்தவைதான். உங்கள் நண்பர் சொல்வது அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பொருந்தும். அங்கே பலகை துடித்தால்தான் ஒலி. பெரிய ஆம்புக்கு (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிக்கு) முன்னால் நிற்கும் கிட்டாரில் பலகை அதிகம் துடித்தால் தொல்லை. அடுக்குமரம் விறைப்பாக இருக்கும், தட்பவெப்பம் மாறினாலும் எளிதில் கோணாது, வேன் பயணத்துக்கும் தாங்கும். ஆகவே அந்தக் காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து கசினோ. அருமையான கிட்டார். பீட்டில்ஸ் குழுவில் மூன்று பேர் வைத்திருந்த கிட்டார் என்றால் ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அது செமி ஹாலோ இல்லை, முழுக்க உள்ளீடற்றது. 1961-இல் வந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். வெளித்தோற்றத்தில் 335-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருப்பதால் பல கடைகளில் இரண்டையும் ஒரே வரிசையில் மாட்டி வைக்கிறார்கள், செமி ஹாலோ என்றே எழுதியும் விடுகிறார்கள்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 335-இல் கழுத்து சேரும் இடத்திலிருந்து அடிவரை உடலின் நடுவே ஒரு மரக்கட்டை ஓடுகிறது. பிக்கப்புகளும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் அதன் மேல்தான் நிற்கின்றன. இரு பக்கமும் உள்ள சிறகுகள் மட்டும் கூடு. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு கட்டைத் துண்டில் தந்தி கட்டி, பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று ஓர் எபிஃபோனை அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டாரே, அந்த யோசனையின் நாகரிகமான வடிவம் என்று இதைச் சொல்லலாம். நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த நடுக்கட்டைக்குத்தான்.

அது இருக்கிறதா என்று பார்க்க விளம்பரத்தை நம்ப வேண்டாம். கடையில் கிட்டாரை எடுத்து, மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளைகளில் ஒன்றின் வழியாகச் செல்போன் விளக்கை அடித்து, பிரிட்ஜ் இருக்கும் திசையில் சாய்வாகப் பாருங்கள். மரச்சுவர் தெரிந்தால் செமி ஹாலோ. எதிர்ப்பக்க எஃப் துளையின் வெளிச்சம் தெரிந்தால் முழுக்கூடு.

டிரம்ஸ் இருக்கும் குழுவுக்கு எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை: நடுக்கட்டை வேண்டும். ஊளை எப்படி வருகிறது? ஆம்பின் ஒலி வந்து பலகையில் மோதுகிறது, பலகை தந்தியை ஆட்டுகிறது, பிக்கப் அதை எடுத்து ஆம்புக்கே அனுப்புகிறது, ஆம்ப் இன்னும் பெரிதாக்குகிறது. நடுக்கட்டையின் கனம் இந்தச் சுற்றை ஆரம்பத்திலேயே அடக்குகிறது, முழுக்க ஒழிப்பதில்லை. மீதியை நீங்கள் நிற்கும் இடம் பார்த்துக்கொள்ளும். ஆம்புக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் தள்ளி நின்றாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கீழ்ஸ்தாயியில் ஊ என்று எழுந்தால் அது உடலின் ஊளை, ஆம்பில் பேஸைக் குறையுங்கள். கீச்சென்று காதைக் கிழித்தால் அது வேறு சங்கதி. பிக்கப்பின் கம்பிச்சுருள் மெழுகில் தோயாமல் தளர்ந்திருக்கிறது, நகர்ந்து நின்றால் மட்டும் போகாது. இதையும் கடையிலேயே ஆம்பை நன்றாக ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் இந்த ஊளைக்காகத் தன் கிட்டாரின் எஃப் துளைகளில் துணியை அடைத்து வாசித்தவர். 1980-இல் அவருக்காக வந்த லூசில் மாடலில் எஃப் துளைகளே கிடையாது. நீங்களும் ஸ்பாஞ்சு வைத்து அடைக்கலாம், தப்பே இல்லை.

இனி கிட்டார்கள். எபிஃபோனின் இஎஸ்-335, ஐபனேஸ் ஆர்ட்கோர் வரிசையில் ஏஎஸ்73, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் வரிசையில் ஜி2622. மூன்றிலும் நடுக்கட்டை உண்டு, மூன்றிலும் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்தான், எனவே சிங்கிள் காயிலின் இரைச்சலும் போய்விடும். ஐபனேஸில் ஏஎஃப் என்று தொடங்குபவை முழுக்கூடு, கிரெட்சில் ஜி2420-உம் அப்படியே. எழுத்து மாறி வாங்கிவிடாதீர்கள். நான் என்றால் ஏஎஸ்73-ஐ முதலில் கையில் எடுப்பேன். கிரெட்சின் ஒலி சற்றுப் பளிச்சென்று வரும் என்பது என் காதுக்கு. உங்கள் காதுதான் முடிவு சொல்ல வேண்டும்.

உடல் பெரிது என்று தோன்றினால் எபிஃபோன் இஎஸ்-339 இருக்கிறது. அதே அமைப்பு, சின்ன உடல். உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் 335-ஐ விரும்புவார்கள், மணிக்கணக்கில் நின்று வாசிக்கிறவர்களுக்கு 339 சௌகரியம்.

பிக்கப்பை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த விலையில் இன்று வரும் ஹம்பக்கர்கள் மேடைக்குப் போதுமானவை. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போது விலையுயர்ந்த பிக்கப்பின் நுணுக்கம் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. தயாரிப்பாளர்கள் காசை மிச்சம் பிடிப்பது நட் (கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் பள்ளப் பட்டை), ஜாக் (கேபிள் செருகும் துளை), ஸ்விட்ச் போன்ற சில்லறைச் சாமான்களில். கச்சேரி நடுவே காலை வாருவதும் அவைதான்.

நட்டைச் சோதிக்க மூன்றாவது தந்தியை மெல்லச் சுருதி கூட்டுங்கள். டிக் என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் தந்தி பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பக்கத்துக்கு மூன்று முறுக்காணிகள் உள்ள தலையில் நடுத்தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து போகின்றன, அதனால்தான் இந்த இம்சை. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் அரம் போட்டுச் சரிசெய்துவிடுவார்.

ஜாக் இன்னும் வில்லங்கம். உங்கள் சாலிட் பாடியில் ஒரு மூடியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கைக்கு வந்துவிடும். இங்கே பின்பக்கம் மூடியே இராது. ஜாக்கை இறுக்கும் திருகு நட்டு தளர்ந்து அது சுழல ஆரம்பித்தால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். பிறகு எஃப் துளை வழியாகத்தான் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் தண்டில் நூல் கட்டி உள்ளே தள்ளி, எஃப் துளையில் பிடித்து வெளியே இழுத்து, சால்டர் வைத்து, மறுபடி அதே நூலைப் பிடித்துத் துளைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நான்கு கன்ட்ரோல், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக். பழகிய கைக்கே பொறுமை சோதிக்கும் வேலை, கூலியும் அதற்கேற்ப இருக்கும். பிக்கப்பை மாற்றினாலும் இதே பாடுதான், அதனால்தான் தடுத்தேன். நட்டு தளர்கிறது என்று தெரிந்த அன்றே, ஜாக்கின் குழிக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுழலாமல் பிடித்துக்கொண்டு வெளியே இறுக்கிவிடுங்கள். கேபிளை ஸ்ட்ராப்புக்கு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருகினால், யாராவது மிதித்தாலும் இழுவிசை ஜாக்குக்குப் போகாது.

பட்ஜெட் முழுவதையும் கிட்டாருக்கே கொட்டாமல் செட்டப்புக்கும் (தந்தி உயரம் முதலியவற்றைச் சரிசெய்வதற்கும்) கெட்டியான பெட்டிக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். சாலிட் பாடியின் பை இதற்குப் போதாது, உடல் அகலம். பழையதாக வாங்குவதென்றால் தந்திகள் உட்காரும் அந்த நட் பட்டைக்குப் பின்புறம், தலை சாயத் தொடங்கும் இடத்தில், விளக்கு வைத்து விரிசல் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் முறிவது அங்கேதான்.

இவற்றின் தந்தி நீளம் (ஸ்கேல்) சுமார் 24.75 அங்குலம். உங்களிடம் இருப்பது 25.5 அங்குல ஸ்கேல் கிட்டார் என்றால், 9 எண் தந்திக்குப் பழகிய விரல் இதில் சற்றுத் தடித்த 10 எண் போட்டால்தான் அதே இறுக்கத்தை உணரும்.

புதியது வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். பாட்டு நடுவே தந்தி அறுந்தால் எடுத்து மாட்டிக்கொள்ள அது மேடையில் ஸ்டாண்டில் சுருதி சேர்த்துத் தயாராக நிற்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்