உழவு இயந்திரத்தின் பின்னே வரும் கொக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பூதப்பாண்டியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். சென்ற ஆண்டு நான்கடி அகலத் துணியில் ‘இயந்திரமும் உயிரும்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றை வரைந்தேன். இடப்பாதியில் குளம், தாமரை, பனைகள், கொக்குகள். வலப்பாதியில் முப்பந்தல் காற்றாலைகளும் ஒரு டிராக்டரும், முழுக்கக் கருப்பில். பார்த்தவர்கள் சுவரொட்டி போல இருக்கிறது என்கிறார்கள். போதாததற்கு, ஐவரி பிளாக் என்ற கருப்பு வண்ணத்தைத் தடிமனாகப் பூசி நான்காம் நாளே அதன்மேல் அம்பர் பழுப்பால் துருவைத் தீட்டிய இடமெல்லாம் ஆறு மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். குறை எங்கே இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

படத்தைப் பலமுறை பார்த்தேன். உங்கள் தாமரைக் குளம் அருமையானது. தண்ணீரின் மேல் கிடக்கும் அந்தச் சாம்பல் பச்சையை நேரில் பார்த்துப் பழகியவரால் மட்டுமே தீட்ட முடியும். ஆனால் டிராக்டரை நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதை முன்கூட்டியே குற்றவாளியாக்கி, நடுவில் ஒரு கோடும் போட்டுவிட்டீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலையைச் சுழற்றும்போது பக்கத்துப் பனையின் ஓலைகளையும் ஒரே பக்கமாய்ச் சாய்த்து அலறவைக்கும். உங்கள் படத்தில் வலப்பக்கம் சுழல்கிறது, இடப்பக்கப் பனைகள் அசையாமல் நிற்கின்றன. சுவரொட்டி என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தேரூர் வயல்களில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் நடவுக்குத் தொளி கலக்கி வயலைச் சேறாக்கும் காலையில் போய் நின்று பாருங்கள். இரும்புச் சக்கரம் சேற்றைப் புரட்டிக்கொண்டு போக, அதற்கு இரண்டு முழம் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கின்றன. மாட்டின் உண்ணியைக் கொத்துவதால் வந்த பெயர் அது. டிராக்டரில் உண்ணி இல்லை. ஆனால் ஏர்மாட்டின் காலடியில் கிளம்பிய தவளையும் பூச்சியும் இப்போது சக்கரத்தின் அடியிலிருந்து கிளம்புவதை அந்தப் பறவை கண்டுகொண்டது. அதன் கண்ணில் அச்சம் இல்லை, கணக்கு மட்டுமே இருக்கிறது. உங்கள் கொக்குகளோ இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளக்கரையில் நிற்கின்றன.

இயந்திரம் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. காற்றாலை இறக்கைகளில் பெரிய பறவைகள் அடிபட்டுச் சாவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதைச் சொல்ல விரும்பினால் ஒரு பருந்தை அந்த இறக்கைக்கு அருகே பறக்கவிடுங்கள். கருப்பு வண்ணம் மட்டும் அதைச் சொல்லிவிடாது. 1844இல் ஆங்கில ஓவியர் டர்னர் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ என்ற எண்ணெய் ஓவியத்தில், பாலத்தின் மேல் பாய்ந்து வரும் ரயிலுக்கு முன்னால் ஒரு சிறு முயல் ஓடுகிறது. வண்ணம் மங்கியதால் இன்று அதைத் தேடித்தான் காண வேண்டும். வலப்புறம் தொலைவில் ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று டர்னர் நமக்குச் சொல்வதில்லை, ஆனால் அந்த முயலைக் கண்டுவிட்ட பிறகு ரயிலை நம்மால் தனியாகப் பார்க்கவே முடிவதில்லை.

விரிசலுக்கு வருகிறேன். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஐவரி பிளாக் எண்ணெயை அதிகம் குடிக்கும், மிகத் தாமதமாகக் காயும். அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும். மேல்பூச்சு இறுகிய பின்னும் அடியில் கருப்பு அசைந்துகொண்டிருந்தது, மேலே வெடித்தது. அடிப்பூச்சில் எண்ணெயைக் குறைத்து டர்பன்டைன் கலந்து மெல்லியதாக இடுங்கள், மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டுங்கள், கருப்பை அடியில் வைத்தே தீர வேண்டுமென்றால் அதிலேயே சிறிது அம்பரைக் கலந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று ஐவரி பிளாக் என்று விற்கப்படுவது விலங்குகளின் எலும்பைக் காற்றுப்படாமல் கரியாக்கி அரைத்தது. அதைக் குழைத்த எண்ணெய் ஒரு செடியின் விதையிலிருந்து வந்தது. உங்கள் டிராக்டரின் கருப்பு முழுவதும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றால் ஆனது. இதை அறிந்த பின் நடுக்கோட்டை இன்னொரு முறை போட உங்கள் கை துணியாது என்று நம்புகிறேன்.

பழைய துணியைத் திருத்த வேண்டாம். அதைக் குளத்துக்காக அப்படியே வைத்திருங்கள். புதிய துணியில், சக்கரத்துக்கும் முதல் கொக்கின் அலகுக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு முழச் சேற்றிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.