பிடுங்குவதற்கு முன் முள்ளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கிணற்று மேட்டில் பழைய முள் மரம் ஒன்று நிற்கிறது. சீமைக்கருவேலத்தோடு அதையும் சேர்த்துப் பிடுங்க கொழுந்தனார் பொக்லைன் வரச்சொல்லிவிட்டார். மாமியாரோ அது வன்னி, தொடாதே என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? விதை போட்டால் வருமா?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: முதலில் பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. மாமியார் சொல்வது சரியாக இருந்தால், அந்த மரம் போனால் இன்னொன்று அந்த அளவுக்கு வர உங்கள் பேரப்பிள்ளை காலம் ஆகிவிடும்.

ஒரு கொப்பை ஒடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் முள் இலை கிளம்பும் கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக, ஊசி மாதிரி நீளமாக இருக்கும். வன்னிக்குக் கணுவில் ஜோடி முள் கிடையாது. இரண்டு கணுவுக்கு நடுவில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடி அகன்ற குட்டை முள்ளாக இருக்கும். இன்னும் சந்தேகமா, நெற்றைப் பாருங்கள். சீமைக்கருவேல நெற்று தட்டையாக, தடித்து, பழுத்தால் மஞ்சளாகிவிடும், வன்னி நெற்று முருங்கைப் பிஞ்சு போல ஒல்லியாகத் தொங்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் பன்னி மரம் என்று விஜயதசமிக்குக் கும்பிடுவது இதைத்தான்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் கேஜ்ரி என்பதும் இதே மரம். அங்கே கேஜர்லி கிராமத்தில் 1730-ல் இதை வெட்ட வந்தபோது பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள். இன்றும் அந்த ஊர்க்காரர்கள் கம்பங்காட்டுக்கு நடுவிலேயே இதை விட்டுவைக்கிறார்கள், ஏனென்றால் வேர் நேரே ஆழத்துக்குப் போய்விடும், மேல்மண் ஈரத்துக்குப் பயிரோடு சண்டை போடாது. இலையும் நெற்றும் ஆட்டுக்குத் தீனி.

விதை தாராளமாக வரும், ஆனால் ஓடு கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். உப்பியதை நாற்றுப் பையில் விதையுங்கள், உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். பை உயரமானதாக இருக்கட்டும், சின்னப் பையில் ஆணிவேர் சுருண்டுவிடும். அப்புறம் ஐப்பசி மழையில் நடுங்கள். மேலே ஒரு சாண் கூட வளரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அது முதலில் கீழேதான் வளரும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டுங்கள், ஆடு குருத்தைக் கடிக்காதபடி சுற்றி முள் அடையுங்கள். வெட்டிப்போடுகிற சீமைக்கருவேல முள்ளையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.